ஒரே நாள்ல காயுற வடகம்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மாடி எங்கயும் ஓடிப் போயிடாது, மெதுவா அளக்கலாம். மொதல்ல இந்த மோரைக் குடிங்க.

எம் பையன் மதியழகன்தான அனுப்பிவெச்சான்? தெரியும். காலையிலயே போன் பண்ணிட்டான். "அம்மா, மாடிக்கு வெள்ளை அடிக்கிற கம்பெனிலேருந்து ஒருத்தர் வருவாரு, அவரைப் புடிச்சு வெச்சுக் கதை சொல்லிக்கிட்டு இருக்காத, வழிய மட்டும் காட்டு"ன்னான். பாத்தீங்களா, பெத்த தாய்கிட்ட பேசற லட்சணத்த. நான் என்ன வர்றவங்க போறவங்களப் புடிச்சு வெச்சுப் பேசற ஆளா? ரெண்டே ரெண்டு வார்த்தை. அதையும் கேக்காம மேல ஏறிப் போய் எதையாவது பூசிட்டுப் போனீங்கன்னா அப்புறம் எனக்கு இல்ல, உங்களுக்குத்தான் மனசு உறுத்தும்.

எங்க வீட்டு மாடின்னா உறையூர்ல நெறைய பேருக்குத் தெரியும். எம் மருமக சொல்ற மாதிரி சூட்டுக்கு இல்ல தம்பி. வடகத்துக்கு. சௌந்தரவல்லி வடகம்னு கேட்டுப் பாருங்க. கூழ் வடகம், ஜவ்வரிசி வடகம், வெங்காய வடகம், எல்லாம் எங் கையாலதான். இந்தத் தெருவுல கல்யாணம் ஆகி வெளிநாடு போற பொண்ணுங்க பொட்டி கட்டும்போது மொதல்ல என் வடகத்த வெச்சுட்டு, மிச்சம் எடம் இருந்தாத்தான் துணிமணிய வெப்பாளுங்க. பெருமைக்குச் சொல்லல. பெருமை எனக்குப் புடிக்காது.

வடகத்துல ரகசியம் மாவுலயும் இல்ல, மொளகாயிலயும் இல்ல. கூழு யார் வேணாலும் காய்ச்சலாம். காயறதுலதான் இருக்கு எல்லாம். மேல காஞ்சு உள்ள ஈரமா இருந்துச்சுன்னா எண்ணெயில போட்டதும் பல்லை ஒடைக்கிற மாதிரி கட்டியா நிக்கும். சூடு அடியிலேருந்து வரணும் தம்பி. வானத்து வெயில் எல்லார் வீட்டுக்கும் ஒண்ணுதான். தரையிலேருந்து ஏறுற சூடு, அதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்.

இந்த வீட்டை எங்க வீட்டுக்காரர் கட்டும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு எதுலயுமே நிதானம். காங்கிரீட் போட்டமா, மேல ஏறுனமான்னு இல்லாம, அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டச் சொல்லி, ஆள் வெச்சுக் கட்டையால தட்டித் தட்டி, அப்புறம் செவப்புத் தட்டோடு பதிச்சாரு. அந்தத் தட்டுற சத்தத்துல எனக்குத் தலைவலியே வந்துச்சு. எதுக்குங்க இவ்வளவு கூத்துன்னா, "வெயில் வீட்டுக்குள்ள வரக்கூடாது"ன்னாரு. கதவைச் சாத்துனா வராதுன்னேன். சிரிச்சாரு. அவரு அப்படித்தான், பதில் தெரியலன்னா சிரிச்சுடுவாரு.

அந்த மாடியில வடகம் காய மூணு நாள் ஆச்சு தம்பி. மூணு நாள். நாள்பூரா குடையும் குச்சியுமா காக்கா வெரட்டிக்கிட்டு நான் மேலயே கெடப்பேன். சாயங்காலம் வேட்டியோட சுருட்டிக் கீழ கொண்டாந்து, மறுநாள் மறுபடி விரிச்சு. மூணாவது நாள்தான் வேட்டிக்குப் பின்னால தண்ணி தெளிச்சு உரிச்சா கலகலன்னு சத்தம் வரும்.

கீழ இருந்தவங்களா? மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற மாடி வீட்டுல அப்ப ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருந்தாங்க. நல்ல மனுசங்க. சித்திரை மாசம் மத்தியானத்துலகூட ஃபேன் போடாம வெறுந்தரையில படுத்துத் தூங்குவாங்க. நானே பாத்திருக்கேன். அந்தக் காலத்து ஒடம்பு அப்படி. இப்ப யாருக்கு இருக்கு அந்தத் தெம்பு?

அப்புறம் வருசம் ஓடுச்சு. தட்டோடு கறுத்துப் பாசி புடிச்சு, மழைக்காலம் போனதும் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. அங்கங்க வெடிச்சு, வெடிப்புல ஒரு அரசங்கண்ணு மொளைச்சுது. நடந்தா டொக்கு டொக்குன்னு உள்ள காலியா இருக்கற மாதிரி சத்தம் வரும். ஆனா ஒண்ணு பாருங்க, வடகம் ரெண்டே நாள்ல காய ஆரம்பிச்சுது. மாடியும் அனுபவம் ஆக ஆக வேலையக் கத்துக்கும் போலருக்குன்னு எனக்கு ஒரே சந்தோஷம். வாத்தியார்தான் அந்த வருசம் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. "அம்மா, முன்ன மாதிரி இல்லீங்க, கட்டில்ல படுத்தா மெத்தையே கொதிக்குது, மேல ஒரு தடவ ஆள் வெச்சுப் பாருங்க"ன்னாரு. பள்ளிக்கூடத்துல இருக்கறவங்களுக்கு எதுலயாவது தப்பு கண்டுபுடிச்சுக்கிட்டே இருக்கணும். பழக்கதோஷம்.

அப்பதான் மதிக்குக் கல்யாணம் ஆச்சு. மாடி வீடு காலியா இருக்கே, புள்ளையும் மருமகளும் அங்கயே இருக்கட்டும், நான் கீழ இருக்கேன், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நாள்பூரா பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்க. மருமக பேரு சுபாஷினி. கோயம்புத்தூர்க்காரி. கோயம்புத்தூர்னா சும்மாவா, ஏதோ பனிமலை உச்சியில பொறந்து கம்பளி போத்தி வளந்த மாதிரி ஒரு நெனப்பு. வந்த மொத மாசமே, "அத்தை, இங்க சாயங்காலம் ஆனாக்கூட காத்து வராதுங்களா"ன்னு கேட்டா. வரும்மா, சொல்லி அனுப்பறேன்னேன்.

அந்த வருசம் ஐப்பசி மழையில மாடி ஒழுக ஆரம்பிச்சுது. அவங்க பெட்ரூம் செவுத்துல ஊறி, சுண்ணாம்பு பொடிப்பொடியா உதுந்துச்சு. காளிமுத்துன்னு ஒரு கொத்தனார், அவரை வரச் சொன்னோம். தட்டோட்ட ஒரு எடத்துல பேத்துப் பாத்துட்டு, "அம்மா, கீழ இருக்கற சுண்ணாம்புச் சல்லி மொத்தமா மண்ணாப் போச்சு. அதுக்கு ஆயுசு முடிஞ்சுது. எல்லாத்தையும் வாரிட்டுப் பழையபடி புதுசாப் போடணும்"னாரு. சரி, எப்ப முடியும்னேன். போட்டு, தட்டி, தண்ணி கட்டி, ஓடு பதிச்சு, பூச்சு காயறதுக்குப் பங்குனி ஆயிடும்னாரு.

பங்குனி. நல்லா கேட்டுக்குங்க தம்பி. தை பொறந்தா வடகம் போட ஆரம்பிக்கணும். மாசி, பங்குனி ரெண்டும்தான் வடகத்துக்கு உயிர். அந்த மாசத்துல மாடிய ஒருத்தருக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது, கூழை நடு ரோட்டுல ஊத்தறதா? ஊர்பூரா சொல்லி வெச்சிருக்காங்க. வேற வழி இல்லையான்னேன். இருக்கு, எல்லாத்தையும் வாரிட்டு சிமெண்டு பூசி மேல தார் ஷீட்டு ஒட்டிடலாம், ஒழுகறது நின்னுடும், ரெண்டு நாள் வேலைன்னாரு. அதையே பண்ணுங்கன்னேன். அந்தாளு ஒரு மாதிரி இழுத்தாரு. "கறுப்பு ஷீட்டும்மா, அடியில தடுக்க ஒண்ணும் கெடையாது, சூடு அப்படியே கீழ எறங்கும்"னாரு. பின்ன மேலேருந்து வர்றது கீழ எறங்காம எங்க போகும்? இதக் கண்டுபுடிக்க ஒரு கொத்தனார்.

மதியும் வாயத் தொறந்தான். "அம்மா, காளிமுத்து சொல்ற மாதிரியே செஞ்சுடலாம், ஒரு வருசம் வடகம் இல்லன்னா என்ன"ன்னான். ஒரு வருசம் வடகம் இல்லன்னா என்னவா? எங்க வீட்டுக்காரர் போனப்ப, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் வந்த சனமெல்லாம் அவங்கவங்க வீட்டப் பாத்துப் போயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த வாசல்ல ஒரு மனுசக் காலடி பட்டுச்சுன்னா அது வடகம் வாங்க வந்தவ காலடிதான். இத அவன்கிட்ட சொல்லல. ஆம்பளைப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் புரியாது. ஷீட்டு ஒட்டிரலாம்னு மட்டும் சொன்னேன்.

ஒட்டுனாங்க. அந்த மாசியில மொத ஈடு கூழைப் பிழிஞ்சு விட்டேன் பாருங்க. காலையில விரிச்சது, மத்தியானச் சாப்பாட்டுக்கு எறங்கும்போதே ஓரமெல்லாம் தூக்கிக்கிச்சு. சாயங்காலம் கலகலன்னு சத்தம். ஒரே நாள் தம்பி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தெருவுல இருக்கற பொம்பளைங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். "அக்கா, இது மாடியா இல்ல தோசைக்கல்லா"ன்னாளுங்க. பொறாமைதான்.

அதே மாசத்துலேருந்துதான் எங்க வீட்டு மகாராணிக்கு எல்லா வியாதியும் ஆரம்பிச்சுது. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கான்னு கேக்காதீங்க. நல்லது நடந்தா சில பேருக்குத் தாங்காது, அவ்வளவுதான் சம்பந்தம்.

ஃபேன் போட்டா அனல் காத்து வருதாம். ஃபேன்ல கோளாறுன்னு புதுசு வாங்கி மாட்டுனான் மதி. அதுலயும் அனல்தானாம். ஒரை குத்தி வெச்ச தயிரு மத்தியானமே புளிச்சுப் பொங்கி நிக்குதாம். தயிருக்கு ஒரை குத்தத் தெரியலன்னு ஒத்துக்கறதுக்கு பதிலா மாடிமேல பழியப் போடறா பாருங்க. நல்லெண்ணெய் பாட்டில் கையில புடிக்க முடியலயாம். பீரோ கைப்பிடி சுடுதாம். சாயங்காலம் சூரியன் போனப்புறமும் மேல்தளத்துலேருந்து சூடு எறங்கிக்கிட்டே இருக்காம், கீழ படுத்தா மூஞ்சிக்கு நேரா அடுப்பு வெச்ச மாதிரி இருக்காம். கரெண்டு பில்லைக் கொண்டாந்து காட்டுனா. ரெண்டு ஃபேனு, ஒரு கூலரு, எல்லாத்தையும் ஓட விட்டா பில்லு வராம பூச்செண்டா வரும்? நான் கீழ ஒரே ஒரு ஃபேன்தான் போடறேன், அதுவும் ரெண்டுல. எனக்கு ஒண்ணும் வேர்க்கலையே. நானும் அதே வீட்டுலதான இருக்கேன்? என் தலைக்கு மேல கூரைக்கு பதிலா அவங்க வீடு இருக்குங்கறத ஒரு காரணம்னு சொல்றான் எம் பையன். படிச்ச புள்ளை, எதையாவது சொல்லும். கடைசியில ஏசி வாங்கறதுக்குத்தான் இவ்வளவு பீடிகைன்னு எனக்கு நல்லாவே தெரியும். வாங்கவும் வாங்கி மாட்டுனாங்க. அதுவும் ராத்திரிபூரா உர்ருன்னு கத்துச்சே ஒழிய ரூம் குளிரல. நல்லா வேணும்.

மதி ஒரு நாள் வந்து நின்னான். "அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு மத்தியானம் எங்க பெட்ரூம்ல வந்து படுத்துப் பாரு. அதுக்கப்புறம் நாங்க ஒரு வார்த்தை பேசல"ன்னான். எனக்கு முட்டி வலிடா, மாடிப்படி ஏற முடியாதுன்னுட்டேன். நெசமாவே வலி தம்பி. கூழ்ப் பானையோட மொட்டை மாடிக்கு ஏறி எறங்குனா அப்புறம் எங்க அவங்க வீட்டு வாசல்ல நின்னு வேற நுழையறது. ஒரு நாளைக்கு நாலு தடவை அவங்க கதவைத் தாண்டித்தான் போவேன். கதவு தொறந்தேதான் இருக்கும், காத்துக்காகவாம். உள்ள எட்டிப் பாக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல.

அப்புறம் மகிழினி பொறந்தா. எம் பேத்தி. நெறம் எங்க வீட்டுக்காரர் நெறம், மூக்கு என் மூக்கு, அழுகை மட்டும் அவ அம்மா வழி. அப்படி ஒரு அழுகை தம்பி. கீழ படுத்திருக்கற எனக்குத் தூக்கம் போயிடும். ஒடம்பெல்லாம் வேர்க்குரு. பவுடரைக் கொட்டிக் கொட்டி அடைச்சா வேர்க்குரு வராம என்ன பண்ணும்? நுங்குத் தண்ணி தடவச் சொன்னேன், தடவுனா, போகல. கீழ கொண்டாந்து போடுங்கன்னு நான் சொல்லலையான்னு கேப்பீங்க. சொல்லிருப்பேன். கீழ இருக்கற இன்னொரு ரூம்ல வடக டின்னு இருக்கு. டின்னுக்கு ஈரம் ஆகாது, கொழந்தை இருக்கற எடம்னா ஈரத்துணி இருக்கத்தான் செய்யும். அதுவும் பத்திரமா இருக்கணும்ல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். போன வருசம் பங்குனி. காலையில எந்திரிச்சுக் கூழ் காய்ச்சி, சீரகம் பெருங்காயம் எல்லாம் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, பானையத் தூக்கிக்கிட்டு மேல போறேன். மாடிபூரா ஈரச் சாக்கு. ஒரு கை அகலம் விடாம கோணிச்சாக்கை நனைச்சு நனைச்சு விரிச்சிருக்கா எம் மருமக. கையில வாளி. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நிக்கறா. என்னம்மா இதுன்னேன். "அத்தை, டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். பாப்பாவுக்கு நேத்துலேருந்து சரியா மூத்திரம் போகல. ஒடம்புல தண்ணி வத்திப்போச்சாம். ரூம் சூட்டைக் கொறைக்கலன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும்கறாங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வடகம் வேண்டாம் அத்தை"ங்கறா.

கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னதும் புள்ளை எங்கன்னுதான் மொதல்ல கேட்டேன். பொய் சொல்லல. பானைய எறக்கி வெச்சேன். ஆனா தம்பி, கூழ் ஆறிட்டா பிழிய வராது. அதுவும் நெசம்தான? அதனால ஒரு ஓரத்துல, ஒரே ஒரு ஓரத்துல, சாக்கை ஒதுக்கிட்டுப் பிழிஞ்சுவிட்டேன். அவ வாளிய வெச்சுட்டு எறங்கிப் போயிட்டா. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவ பேசாமப் போனது எனக்குப் புடிக்கவே இல்ல.

அன்னிக்குச் சாயங்காலமே கொழந்தையத் தூக்கிட்டு கே.கே. நகர்ல மதியோட சிநேகிதன் வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் அங்கயே வாடகைக்கு வீடு பாத்தாச்சு. கீழ் வீடு. மேல வேற ஆளு குடியிருக்காங்க, வெயிலை அவங்க வாங்கிக்கறாங்க. நல்ல ஏற்பாடு.

அவங்க போனப்புறம் ஒரு நாள் பெருக்கலாம்னு மாடி வீட்டத் தொறந்தேன். மத்தியானம். உள்ள காலை வெச்சா நெசமாவே கொஞ்சம் புழுக்கமாத்தான் இருந்துச்சு. செவுத்துல கை வெச்சேன், எடுத்துட்டேன். அது என்னன்னா தம்பி, ஆள் பொழங்காத வீடு அப்படித்தான். மனுச மூச்சு இல்லன்னா சூடு ஏறும். பெருக்காமயே சாத்திட்டு வந்துட்டேன்.

கே.கே. நகருக்கும் போனேன். போகாம இருப்பேனா? தீவாளி கழிஞ்சு, மழை விட்டதும் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு போனேன். சும்மா கைய வெச்சுக்கிட்டு இருக்க முடியாம கொஞ்சம் கூழ் காய்ச்சி அந்த வீட்டு மொட்டை மாடியில போட்டேன். அந்த ஓனரு மாடிபூரா வெள்ளையா ஏதோ பூசி வெச்சிருக்கான், நீங்க பூசறீங்களே அதேதான் போலருக்கு. மத்தியானம் தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருக்கு. வடகம் மூணு நாள் ஆகியும் ஈரம். நாலாம் நாள் பூஞ்சை புடிச்சுது. இதெல்லாம் ஒரு மாடியா? மனுசங்க குடியிருக்கறதுக்கு வேணா சரி, வேற எதுக்கும் ஒதவாது.

கொழந்தை அங்க மத்தியானம் சாப்ட்டு முடிச்சதும் தூங்கிடறா. அழுகையே இல்ல. நான் போன மொத நாள், இப்ப அழுவா இப்ப அழுவான்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கழுத்தைத் தொட்டுப் பாத்தேன், வேர்க்குரு இல்ல. மூச்சு சீரா வருது. என்னமோ வேற கொழந்தையத் தூக்கி வந்து வெச்சுட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. எதுக்குன்னு எனக்கே தெரியல. சுபாஷினி பாத்துட்டா. ஒரு டம்ளர் காப்பி கொண்டாந்து வெச்சுட்டுப் போனா. சக்கரை கம்மி. அவளுக்கு எப்பவுமே கை இழுக்கும்.

வர்ற ஆனிக்குள்ள மதிக்கு ஓசூருக்கு மாத்தல் வருதாம். வேண்டாம்னு எழுதிக் குடுத்தா இங்கயே இருக்கலாமாம். "அம்மா, நீ மாடிய சரி பண்ண சம்மதிச்சேன்னா சித்திரைக்கு முன்னாடி நாங்க வீட்டுக்கு வந்துடறோம். சுபா வேலைக்குப் போகணும், பாப்பா உங்கிட்ட இருக்கட்டும். இல்லன்னா ஓசூர்தான்"னான். அதட்டலாச் சொல்லல. கெஞ்சற மாதிரியும் சொல்லல. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னான். போனா போ, ஓசூர் நல்ல குளுகுளு ஊரு, உம் பொண்டாட்டிக்கு ஏத்த எடம்னு வெச்சுட்டேன் போனை. வெச்சுட்டு ஒரு வாரம் சோறு எறங்கல. அப்புறம் நானே கூப்ட்டு, யாரோ வருவாங்கன்னு சொன்னியே, வரச் சொல்லுன்னேன். அதான் நீங்க வந்திருக்கீங்க.

போதும், பேசுனது. எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு. நோட்டை எடுங்க. அளந்து எழுதிக்கங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மொத்த மாடியையும் வெள்ளையாக்கிடாதீங்க. தென்மேற்கு மூலையில ரெண்டு பாய் விரிக்கற அளவு மட்டும் இருக்கற மாதிரியே விட்டுடுங்க. கறுப்பாவே இருக்கட்டும். காலையிலேருந்து பொழுது எறங்கற வரைக்கும் அங்க வெயில் நகராது. இவ்வளவு பெரிய மாடியில அவ்வளவூண்டு எடம் எனக்குன்னு கேக்கக் கூடாதா? தப்பில்லையே?

கீழயா? அந்த மூலைக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு கேக்கறீங்களா?

பெட்ரூம்தான். மகிழினிக்குத் தொட்டில் கட்டுன ரூம். கொக்கி அந்த மூலையிலதான் இருக்கு.

என்ன தம்பி எழுதாம என்னையே பாக்கறீங்க. மோரைக் குடிங்க.

சரி. அதையும் சேத்து அடிச்சிடுங்க. ஒரு சாண் விடாதீங்க. ஆமா, எல்லாத்தையும்தான். வடகத்துக்கு நான் என்ன பண்ணுவேன்னா கேக்கறீங்க? அது என் பாடு. மூணு நாள் காய வெக்கத் தெரியாதவளா நான்?

ஆனா ஒண்ணு. மதிகிட்டயோ அவகிட்டயோ நான் சொல்லித்தான் அடிச்சோம்னு சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. மூலைய விடச் சொல்லி அந்தம்மா கடைசி வரைக்கும் சண்டை போட்டுச்சு, எங்க கம்பெனியில அப்படி விட்டு விட்டு அடிக்க மாட்டோம்னு நாங்கதான் கேக்கலன்னு சொல்லிடுங்க. அவ நம்புவா. என்னைப் பத்தி எதைச் சொன்னாலும் நம்புவா.

போங்க, நேராப் படி ஏறுனா மேல கதவு. இருங்க, இருங்க, செருப்பை எதுக்குக் கழட்டறீங்க? வடகம் போடற எடம், செருப்போட யாரையும் நான் அங்க ஏறவிட்டதில்லதான். பரவாயில்ல, போட்டுக்கிட்டே போங்க. கால் வெக்க முடியாது தம்பி, அவ்வளவு சூடு.